பால் டப்பாவை எறிவதற்கு முன்: இராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் ஒரு தாய், டப்பாப் பாலில் நஞ்சு என்று கைபேசியில் வந்த ஒரு குரல் பதிவைக் கேட்ட அன்றே, பாதிக்கு மேல் மீதமிருந்த பால் பவுடரைக் குப்பையில் கொட்டிவிட்டுத் தம் மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கலந்த பசும்பாலை நான்கு நாள்கள் கொடுத்தார். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கோடு குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தபோது, இதுவரை கொடுத்தது எந்தப் பால், எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) என்று மருத்துவர் கேட்டார். காட்டுவதற்கு டப்பா இல்லை. அந்தக் குரல் பதிவு எந்த நாட்டைப் பற்றியது, எந்த ஆண்டில் பேசப்பட்டது என்பதும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தை தேறிவிட்டது. அந்தத் தாயின் அச்சத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அந்த அச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர ஒருவரும் இல்லாததுதான் என் மனத்தை உறுத்தியது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்கு ஈடாக எந்த டப்பாப் பாலும் கிடையாது. ஆயினும் தாய் இறந்துவிட்ட வீடும், தாய் கடும் நோயில் கிடக்கும் வீடும், இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் போதாத வீடும், விடியற்காலையில் தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போகும் தாய் அப்பத்தாவிடம் குழந்தையை விட்டுச் செல்லும் வீடும் நம் கரையில் உள்ளன. அந்த வீடுகளில் உள்ளவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், கொடுக்கிற பாலைப் பாதுகாப்பாகக் கொடுக்க உதவுவதே முறை.

அச்சத்துக்குக் காரணம் உண்டு

டப்பாப் பாலில் நஞ்சு என்ற பேச்சு வெறும் வதந்தியாகப் பிறந்ததன்று. 1955இல் ஜப்பானில் மோரினாகா நிறுவனத்தின் பால்மாவில், நிலைப்படுத்தியாகச் சேர்த்த பாஸ்பேட் உப்பின் வழியாக ஆர்சனிக் கலந்து, 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008இல் சீனாவில் நடந்தது இன்னும் கொடியது. கறந்த பாலில் தண்ணீர் கலந்தவர்கள், குறைந்துபோன புரதத்தை மறைக்க மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அக்காலத்தில் வழக்கமாக இருந்த சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும். மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே தண்ணீர்ப் பால் சோதனையில் கெட்டிப் பாலாகத் தேறியது. ஏறத்தாழ 2,94,000 குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல்லும் பிற கோளாறுகளும் ஏற்பட்டன; அரசுக் கணக்கின்படி ஆறு குழந்தைகள் இறந்தன.

அந்த நிகழ்ச்சியில் நாம் மறக்கக் கூடாத செய்தி வேறொன்று உண்டு. அந்தப் பால் பவுடரை விற்ற சான்லு நிறுவனத்துக்குப் பெற்றோர்களின் புகார்கள் 2007 டிசம்பரிலேயே வரத் தொடங்கிவிட்டன. உலகுக்குத் தெரிந்தது 2008 செப்டம்பரில். இடையில் ஓடிய மாதங்களில் புகார்கள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தன. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அபாட் நிறுவனம் தன் மிச்சிகன் ஆலையில் தயாரான பால் பவுடரைத் திரும்பப் பெற்றபோதும், முதல் புகார் 2021 செப்டம்பரிலேயே வந்திருந்தது தெரிய வந்தது. அங்கு ஐயம் வேதிப்பொருளைப் பற்றியதன்று. குரோனோபாக்டர் என்னும் கிருமியைப் பற்றியது. இரண்டு இடங்களிலும் முதல் புகார்கள் மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டன. அவை உரிய மேசையில் உரிய காலத்தில் கவனிக்கப்படவில்லை. எனவே புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைப் பின்னால் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன்.

எச்சரிக்கை மணி அடித்துப் பின்னர் ஒன்றுமில்லை என்று தெரிய வந்ததும் உண்டு. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஃபொன்டெரா நிறுவனம் தன் மூலப்பொருளில் கொடிய நச்சுக் கிருமி இருக்கக்கூடும் என்று அறிவித்தது. அந்த மாத இறுதிக்குள் நடந்த மறுசோதனையில் அது தீங்கற்ற வேறொரு கிருமி என்று உறுதியானது. அதை வைத்து அறிவிப்பையே வீண் என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐயம் தோன்றியதும் வாய் திறந்து சொல்லி, சோதித்து, முடிவையும் சொல்லும் அமைப்பைத்தான் நம்ப முடியும்.

செய்தி காதில் விழுந்ததும் செய்ய வேண்டியவை

ஒரு செய்தியோ குரல் பதிவோ வந்தால், அதில் நான்கு விவரங்கள் உள்ளனவா என்று பாருங்கள்: எந்த நிறுவனத்தின் எந்தப் பால், எந்த பேட்ச் எண், எந்த நாட்டில் விற்றது, எந்தத் தேதியில் யார் அறிவித்தது. திரும்பப் பெறும் உத்தரவு எந்த நாட்டில் வந்தாலும் பெரும்பாலும் பேட்ச் எண்ணோடுதான் வரும். ஒரே பெயருள்ள பால் பல நாடுகளில் பல ஆலைகளில் தயாராகிறது. ஓர் ஆலையின் கோளாறு இன்னோர் ஆலையின் டப்பாவில் இருக்க வேண்டியதில்லை. இந்த நான்கும் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நான்கும் இருந்து, உங்கள் டப்பாவின் எண்ணோடு ஒத்துப்போனால், அந்த வேளையிலிருந்தே கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்திய பிறகு என்ன கொடுப்பது என்பதில்தான் பல வீடுகள் தவறுகின்றன. உடல்நலமுள்ள குழந்தைக்கு, அதே வயதுக்குரிய வேறொரு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவை மாற்றிக் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும், ஒவ்வாமை முதலிய காரணங்களால் தனி வகைப் பால் குடிக்கும் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பசும்பால், ஆட்டுப்பால், கஞ்சித் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் ஆகியவற்றை மாற்றாகக் கொடுக்கவே கூடாது. தேநீருக்குக் கலக்கும் சாதாரணப் பால் பவுடரும் குழந்தைப் பால்மாவும் ஒன்றென்று எண்ணுவோர் நம் கரையில் மிகப் பலர். இலங்கை உறவினர்கள் கொண்டுவரும் பால்மாவைக் குழந்தைக்கும் கரைத்துக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். அது பெரியவர்களுக்கானது. அதிலுள்ள புரதமும் உப்பும் பச்சிளங்குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தாங்காதவை.

தாய்க்குப் பால் குறைந்துபோய்ச் சில வாரங்களே ஆகியிருந்தால், அடிக்கடி குழந்தையை மார்பில் போட்டுப் பால் சுரப்பைத் திரும்பக் கொண்டுவரும் வாய்ப்பும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் இதைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.

டப்பாவில் எதை வாசிப்பது

டப்பாவின் முன்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வணிகச் சொற்கள்; நமக்கு வேண்டியவை பின்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் இருக்கும். பேட்ச் எண் அல்லது லாட் எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவு பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) எண் ஆகியவை அவை. அந்தப் பதினான்கு இலக்கங்கள் 1 என்று தொடங்கினால் உரிமம். 2 என்று தொடங்கினால் சிறு வணிகர்களுக்கான பதிவு மட்டுமே. குழந்தைப் பால் தயாரிக்கும் ஆலையின் எண்ணாக 2இல் தொடங்கும் ஒன்று அச்சாகியிருந்தால் அதை வாங்காதீர்கள். ஃபாஸ்காஸ் என்னும் அரசின் உரிமத் தளத்தில் அந்த எண்ணை இட்டால், அது யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். வீட்டில் கல்லூரிப் பிள்ளை ஒருவர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள் சட்டமும் 2003இல் அதற்கு வந்த திருத்தமும் வேறு சில அடையாளங்களைத் தருகின்றன. தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் டப்பாவில் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் சுவரொட்டி வைக்கக் கூடாது. கொழுகொழு குழந்தையின் படம் போட்ட பால் டப்பா உங்கள் கைக்கு வந்தால், அது இந்தியச் சந்தைக்காகத் தயாரானதன்று என்றோ சட்டத்தை மதிக்காதது என்றோ கொள்ளலாம்.

இங்கே கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி போன்ற ஊர்களின் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சபர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போனவர்கள் ஊருக்கு வரும்போது வளைகுடா நாடுகளிலிருந்து பால் டப்பாக்களைப் பாசத்தோடு வாங்கி வருகிறார்கள். அவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் மீது நம் நாட்டு எண் இருக்காது. அவற்றில் ஏதேனும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் அறிவிப்பு அந்த நாட்டில் வரும், கீழக்கரைக்கு வராது. 2018 ஜனவரியில் பிரான்சின் லாக்டாலிஸ் நிறுவனம் சால்மொனெல்லா கிருமியின் காரணமாகத் திரும்பப் பெற்ற பால் பெட்டிகள் 83 நாடுகளுக்குப் போயிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே வெளிநாட்டு டப்பாவைப் பிரிப்பதற்கு முன், வாங்கி அனுப்பிய மச்சானிடமோ வாப்பாவிடமோ டப்பாவின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அந்த நாட்டு உணவுத் துறையின் தளத்தில் அந்த பேட்ச் திரும்பப் பெறப்பட்டுள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவுக் கரண்டியின் அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இருப்பார். கரைக்கும் அளவை அவரிடம் கேட்டுத் தமிழில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள்.

கடற்காற்றில் தகரம் விரைவில் துருப்பிடிக்கும். விளிம்பில் துரு, அடியில் உப்பல், மூடியில் நசுங்கல் ஆகியவை இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திறந்த டப்பாவில் திறந்த தேதியை எழுதி வைத்து, அதில் குறிப்பிட்ட நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். தீராவிட்டால் மீதியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

டப்பாவை விடத் தண்ணீர்

இந்த வழிகாட்டியில் நான் மிக வலியுறுத்த விரும்புவது இதைத்தான். குழந்தை குடிப்பது பவுடரை மட்டுமன்று. கரைத்த பாலில் பெரும்பங்கு தண்ணீர். சீனத்து மெலமைனைப் பற்றி இரவெல்லாம் கவலைப்படும் வீட்டில், பக்கத்துக் கழிவுக்குழியிலிருந்து இருபது அடி தள்ளித் தோண்டிய மணல் ஊற்றின் நீரில் பாலைக் கரைப்பார்கள். வேதிப்பொருள் கலப்பு என்று நம் கரையில் கையால் தொட்டுச் சொல்லக்கூடியது ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் அந்தக் குடத்தில்தான் இருக்கிறது.

நம் நிலத்தடி நீர் உப்புத் தன்மை உடையது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைப்பதும், வராத நாளில் குடம் கணக்கில் வண்டித் தண்ணீர் வாங்குவதும், அதுவும் இல்லாதபோது ஊற்றில் அகப்பையால் கோரி எடுப்பதும் நமக்குப் பழக்கம். பெரியவர்களின் நாக்கு உவர்ப்புக்குப் பழகிவிட்டது. அப்பத்தா ருசி பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்வதைக் குழந்தையின் பாலுக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. பால்மாவில் ஏற்கெனவே அளந்து சேர்த்த உப்புச் சத்து இருக்கிறது. உவர்நீரில் கரைத்தால் அதன் மேல் மேலும் உப்பு ஏறுகிறது. குழந்தையின் சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடிவதில்லை.

இன்னொன்று நைட்ரேட். உரமிட்ட வயல்களிலிருந்தும், கழிவுக்குழிகளிலிருந்தும், மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் அது நிலத்தடி நீரில் இறங்குகிறது. மணற்பாங்கான நம் நிலத்தில் விரைவாகவே இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். கிருமிகள் சாகும், அது உண்மை. ஆனால் நைட்ரேட்டும் உப்பும் ஃபுளோரைடும் காய்ச்சுவதால் போவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடவே செய்கிறது. அளவுக்கு மேல் கொதிக்க விடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

எனவே பால் கரைக்கும் நீருக்கு மட்டும் ஒரு தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே இடத்து நீரையே எடுங்கள். காவிரி நீரோ எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஊற்று, கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் நீரைச் சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம். சோதனை எட்டாத காரியமன்று. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளுக்குக் களச் சோதனைப் பெட்டிகள் வழங்கப்பட்டு, ஊர்ப் பெண்கள் சிலருக்குப் பயிற்சியும் தரப்பட்டுள்ளது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் நீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். அறிக்கையில் மூன்று எண்களை, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், பாருங்கள்: நைட்ரேட் 45க்கு உள்ளே, ஃபுளோரைடு 1க்கு உள்ளே, மொத்தக் கரைதிண்மம் (டி.டி.எஸ்.) 500க்கு உள்ளே. கரைதிண்மம் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அறிக்கையில் அச்சாகியிருக்கும். அது வேறு நீர் கிடைக்காத இடத்துக்கான சலுகை. குழந்தைப் பாலுக்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேனில் வாங்கிய நீரானாலும் குழந்தைக்கு என்றால் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும்.

கரைத்துக் கொடுக்கும் முறை

பால் பவுடர் கிருமியே இல்லாத பொருளன்று. சீல் வைத்த டப்பாவிலும் சில கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரில் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு லிட்டர் நீரை நன்றாகக் கொதிக்க வைத்து இறக்கி, மூடி, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். அரை டம்ளர் நீர் வேகமாக ஆறிவிடும். கொஞ்சமாகக் காய்ச்சினால் சில நிமிடங்களிலேயே கரைத்துவிட வேண்டும். கரைத்த பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சூடான கட்டத்தில் பிளாஸ்டிக்கை விலக்குங்கள். பிஸ்பீனால் ஏ கலந்த பால் புட்டிகளை இந்தியத் தர நிர்ணயம் 2015லேயே தடை செய்துவிட்டது. ஆனால் இன்றைய பாலிபுரொப்பிலீன் புட்டிகளிலும் கொதிநீர் ஊற்றிக் குலுக்கும்போது நுண்பிளாஸ்டிக் துகள்கள் மிகுதியாக வெளிவருவதை டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, ஆறிய பின் பாலாடையால் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புகட்டுவதே நல்லது. நம் பாட்டிமார் புழங்கிய பாலாடை, சங்கு ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. புட்டியின் ரப்பர் காம்பில் பால் ஒட்டிக் கிருமி வளர்வதைப் போல் இவற்றில் வளராது. ஈயம் பூசிய பழைய பாத்திரங்களை இதற்கு எடுக்காதீர்கள்; பூச்சில் காரீயம் கலந்திருக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அளவு டப்பாவில் சொன்னபடியே இருக்க வேண்டும். விலையைக் கண்டு ஒரு கரண்டியைக் குறைத்து நீட்டுவதும், குழந்தை தேறட்டும் என்று ஒரு கரண்டி கூட்டுவதும் இரண்டுமே கேடு. அறைச்சூட்டில் வைத்த பாலை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பாசி எடுக்கப் போகும் தாய் காலையில் கரைத்து வைத்த பாலைப் பதினொரு மணிக்கு அப்பத்தா புகட்டுவது நம் வெயிலில் மிகவும் ஆபத்தானது. அளந்த பவுடரை உலர்ந்த சிறு கிண்ணங்களில் வேளைக்கு ஒன்றாக மூடி வைத்து, வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். அப்பத்தா அந்தந்த வேளைக்குக் கரைத்துக்கொள்வார். பிளாஸ்க் நன்றாகச் சூடு தாங்குவதாக இருக்க வேண்டும்.

காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிற்காத அழுகை, சிறுநீர் கழிக்கும்போது வீறிடல், சிறுநீர் குறைதல் அல்லது சிவத்தல், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

புகார் கொடுப்பது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய டப்பாவில் மஞ்சள் கட்டிகளும் ஒரு வகை மண்ணெண்ணெய் வாடையும் இருந்தன. கடைக்காரர் வேறு டப்பா கொடுத்தார்; பழையதன் பவுடரைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவி அதில் பருப்புப் போட்டு வைத்துவிட்டோம். பிறகு புகார் கொடுக்கலாம் என்று தோன்றியபோது எங்களிடம் ரசீது இல்லை, பவுடர் இல்லை, பேட்ச் எண் எழுதியிருந்த அடிப்பகுதியும் தேய்ந்துவிட்டது. அந்த பேட்ச்சின் மற்ற டப்பாக்களை யார் வாங்கினார்களோ என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருகிறது.

ஆகவே ஐயம் தோன்றியதும் டப்பாவை மூடி, உறையில் இட்டுக் கட்டி, தேதி எழுதிக் குளிர்ச்சியான இடத்தில் தனியே வையுங்கள். நான்கு புறமும் அடியும் படமெடுங்கள். ரசீதைப் படமெடுங்கள், சூட்டில் அச்சாகும் ரசீது நாளடைவில் வெளுத்துவிடும். பிறகு தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322க்கோ, எஃப்எஸ்எஸ்ஏஐயின் கட்டணமில்லா எண்ணான 1800 112 100க்கோ தெரிவியுங்கள். அதோடு நில்லாமல், இராமநாதபுரத்தில் உள்ள உணவு பாதுகாப்பு மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்தில் ஒரு மனுவும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

“இன்ன தேதியில், இன்ன ஊரில் உள்ள இன்ன கடையில், இன்ன பெயருள்ள குழந்தைப் பால்மாவை வாங்கினேன். பேட்ச் எண், தயாரித்த தேதி, கடைசித் தேதி, உரிம எண் ஆகியவை கீழே உள்ளன. திறந்த அன்று நான் கண்டது இது. குழந்தைக்கு ஏற்பட்ட உடல்நிலை மாற்றமும் மருத்துவர் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளன. மீதமுள்ள பவுடர் மூடிய நிலையில் என்னிடம் உள்ளது. அதே கடையிலிருந்து அதே பேட்ச்சில் திறக்காத மாதிரியை எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

திறக்காத மாதிரி என்று எழுதுவது முக்கியம். நீங்கள் திறந்து வைத்திருந்த பவுடரில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும், அது உங்கள் வீட்டில் கலந்தது என்று சொல்ல இடமுண்டு. உணவு பாதுகாப்பு அலுவலர் 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்படி கடையில் மாதிரி எடுக்கும்போது அதை நான்காகப் பிரித்து ஒரு பங்கை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார்; இரண்டு பங்குகள் நியமன அலுவலரிடம் இருக்கும்; மற்றொரு பங்கைக் கடைக்காரர் கோரினால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாள்களில் அறிக்கை தர வேண்டும்.

அலுவலர் வரும்வரை காத்திருக்க மனமில்லாதவருக்கு அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு வேறொரு வழியைத் திறந்திருக்கிறது. வாங்குபவர் தாமே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம்; குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்காகவே வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இதை அறியாமல் வாங்கிவிட்டுப் பின்னர் அலைபவர்கள் உண்டு. நமக்கு அருகிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சோதியுங்கள் என்று கேட்டால் பயன் குறைவு. சான்லு பாலில் நைட்ரஜனை மட்டும் சோதித்ததால்தான் மெலமைன் தப்பியது. காரீயம், ஆர்சனிக், மெலமைன், கிருமிகள் என்று எதைத் தேட வேண்டும் என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். குழந்தைப் பால்மாவில் மெலமைனுக்குக் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு 2010இல் வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். கரைத்த பாலில் காரீயத்துக்கு அது வகுத்தது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அறிக்கை கையில் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் உதவும்.

அதிகாரியை நம்பலாமா

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கு, நம்புங்கள் என்றோ நம்பாதீர்கள் என்றோ நான் சொல்வதில்லை. கேட்டுப் பாருங்கள் என்கிறேன். 2008 செப்டம்பரில் சீனப் பால் பொருள்களின் இறக்குமதிக்கு இந்தியா தடை விதித்துப் பின்னர் தொடர்ந்து நீட்டித்தது என்பது அரசு செயல்பட்டதற்கு ஒரு சான்று. அதே வேளையில், நம் மாவட்டத்துக் கடைகளில் கடந்த ஆண்டு எத்தனை குழந்தைப் பால் டப்பாக்கள் மாதிரியாக எடுக்கப்பட்டன என்பது நமக்குத் தெரியாத வரையில், நம்பிக்கையும் அவநம்பிக்கையும் காற்றில் நிற்பவையே.

அதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, குழந்தைப் பால்மாவு மாதிரிகள் எத்தனை எடுக்கப்பட்டன, எவ்வூர்க் கடைகளில், எவை சோதிக்கப்பட்டன, எத்தனை தரமற்றவை அல்லது பாதுகாப்பற்றவை என்று அறிவிக்கப்பட்டன, ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன என்று ஐந்து கேள்விகள் போதும். 30 நாள்களில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பதில் வந்ததும் ஒரு படி எடுத்து உங்கள் ஊர் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுங்கள். மாதிரி ஏதும் எடுக்கப்படவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையே இணைத்து, பாம்பன் முதல் மூக்கையூர் வரை உள்ள மருந்துக் கடைகளில் மாதிரி எடுக்குமாறு கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் மனுவுக்கு எண் தருவார்கள்; அந்த எண்ணை, ரசீதும் பேட்ச் எண்ணும் எழுதிய அதே நோட்டில் குறித்து வையுங்கள்.